மேல்மலையில குளத்துக்கு பாசி ட்ரீட்மென்ட் சர்வீஸ்: 5க்கு 1.5 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், தண்ணி தெளிஞ்சுச்சு. அவங்க சொன்ன மாதிரியே ஒரு வாரத்துக்குள்ள ஓரத்துல கல்லு மண்ணு எல்லாம் தெரியற அளவுக்கு தெளிஞ்சுச்சு, இந்த ஒன்றரை ஸ்டார் அதுக்குத்தான். மீதி மூன்றரை ஏன் இல்லைங்கறதுக்குத்தான் இவ்ளோ பெருசா எழுதறேன், ஏன்னா கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் இப்ப காட்டேஜ் போடற ஆளுங்க எல்லாரும் ஒரு குளத்தையும் சேர்த்து வெட்டிடறாங்க, குளம் இருந்தா பாசி வரும், பாசி வந்தா இந்த மாதிரி சர்வீஸ் நம்பர் வாட்ஸ்அப் குரூப்ல சுத்த ஆரம்பிச்சிடும். கம்பெனி பேரு போடல, கீழ ஊர்லருந்து மலைக்கு வர்ற ஒரு பார்ட்டின்னு வச்சுக்கங்க. அந்த ஒரு கம்பெனியோட பிரச்சனை மட்டும் இல்ல இது, கீழ ஊரு தண்ணிக்கு வச்சிருக்கிற கணக்க அப்படியே மலைத் தண்ணிக்கும் போடறாங்க, அதான் பிரச்சனை.

எங்க குளம் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவுல இருக்கு, அரை ஏக்கர் வரும், அஞ்சாறு குடும்பத்துக்குப் பொது. மேல சோலையிலருந்து ஊத்துத் தண்ணி வருது, வர்ற வழியில ரெண்டு பக்கமும் பூண்டு, கேரட் தோட்டம், அதுக்கு மேல புதுசா வந்த காட்டேஜுங்க. குளம் நிறைஞ்சு வழிஞ்சா ஓடையில இறங்கும், கீழ எங்க தோட்டத்துக்கும் மாடுகண்ணுக்கும் மாமா வீட்டு செம்மறிக்கும் அந்தத் தண்ணி தான். சீசனுக்கு முன்னாடி பங்குனி வெயில்ல குளத்து மேல பச்சைப் பெயிண்ட்ட ஊத்தி விட்டாப்ல ஏடு கட்டிருச்சு, ஓரத்துல நாத்தம் வேற. கோடை விழா நேரத்துல ஆளுங்க வருவாங்க, இப்படி இருந்தா எவன் தங்குவான்னு காட்டேஜ்காரங்க கேக்க, எல்லாரும் பேசி பணம் போட்டு இந்த சர்வீஸ கூப்பிட்டோம்.

நல்லத சொல்லணும்ல, சொன்ன நேரத்துக்கு வந்தாங்க. வளைவெல்லாம் ஏறி காலையில எட்டு மணிக்கே வண்டி நின்னுச்சு. கையுறை, மாஸ்க், பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தாங்க, ஒரு பையன் கூட வெறுங்கையால மருந்தத் தொடல, நம்ம ஊர்ல உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்கும்போது கூட நாம அவ்ளோ பாக்கறதில்ல. மரியாதையா பேசினாங்க. வேலை முடிச்சிட்டு கரையில ஒரு கவர் கூட விடாம அள்ளிட்டுப் போனாங்க. இதுல எல்லாம் குறையே சொல்ல முடியாது.

அட்டைப் பெட்டி மேல ஏரி புனரமைப்பு அது இதுன்னு பெருசா போட்டிருந்துச்சு, உள்ள பிரிச்சா நீலக் கட்டி, மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்ங்கற செம்பு உப்பு. நம்ம விவசாயி எவனக் கேட்டாலும் பாத்ததும் சொல்லிடுவான், பயிருக்கு பூஞ்சை நோய் வராம அடிக்கிற போர்டோ கலவைக்கு போடறது தான், ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணி. ஆனா போர்டோவுல சுண்ணாம்பு சேர்ந்து அந்தத் துத்தத்தோட வேகத்தக் கட்டிப் போட்டிரும், குளத்துல கட்டிப் போட எதுவும் இல்ல, துத்தம் அப்படியே இறங்குது. சாக்குல கட்டி, லாரி ட்யூப்ல பலகை வச்சு மிதக்க விட்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா இழுத்தாங்க, சாக்குக்குப் பின்னால தண்ணிக்குள்ள நீலமா கோடு இறங்கினது நின்னு பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு.

எங்க மாமா அங்கயே கேட்டாரு, "ஏம்ப்பா, இந்தத் தண்ணிய ஆடு மாடு குடிக்கலாமா?" அதுக்கு சூப்பர்வைசர் தம்பி, "அண்ணே, குடிதண்ணி டேங்குலயே போடறது தான்ணே, மனுசனே குடிக்கலாம், ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் செம்பு வரைக்கும் கவர்மென்ட்டே ஒத்துக்குது"ன்னு சொன்னாரு. சொன்னது பொய்யில்ல, இந்தியக் குடிநீர் தரத்துல செம்புக்கு 0.05 தான் அளவு, வேற தண்ணிக்கு வழியில்லைன்னா 1.5 வரைக்கும்னு இருக்கு. ஆனா அது மனுசன் வயித்துக்கு போட்ட கணக்கு. மீனு தண்ணியக் குடிச்சு சாகறதில்ல, செவுள் வழியா மூச்சு விடற இடத்துலயே செம்பு போய் ஒட்டிக்குது, உடம்புல இருக்கிற உப்புச் சத்து வெளிய கசிய ஆரம்பிக்குது. நமக்கு ஒண்ணுமே பண்ணாத அளவுல பத்துல ஒரு பங்கு கூட வேணாம், அதுக்கும் கம்மியிலயே நீலகிரி ஓடைங்கள்ல இருக்கிற ட்ரவுட் மாதிரி மீனு செத்துரும். செம்மறி விஷயம் இன்னும் மோசம், மத்த கால்நடை தாங்கற செம்ப செம்மறி தாங்காது, ஈரல்லயே சேர்த்து வச்சுக்கும், ஒரு நாள் திடீர்னு விழும். மன்னவனூர்ல செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கு, சுத்துப்பட்டுல செம்மறி வச்சிருக்கிற வீடு எத்தனை, அந்த ஊருக்கு வந்து துத்தம் போடறவன் இதத் தெரிஞ்சுக்காம வரலாமா? மாமா அன்னைக்கே ஆட்ட எல்லாம் ஓடைப் பக்கம் விடாம மேல ஓட்டிட்டுப் போயிட்டாரு, அது அவரா எடுத்த முடிவு, சர்வீஸ்காரங்க எச்சரிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லல.

இப்ப டோஸ் கணக்குக்கு வர்றேன், இதக் கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆழம் பாக்க மூங்கில் கழிய விட்டாங்க, எங்க விட்டாங்கன்னா மதகுக்கிட்ட. அங்க தான் பத்தடி ஆழம். தண்ணி வர்ற பக்கம் முழங்கால் அளவு தான், சராசரி போட்டா அஞ்சடி தேறினா பெருசு. அரை ஏக்கருக்கு அஞ்சடின்னா சுமாரா 30 லட்சம் லிட்டர். அவங்க பத்தடின்னு வச்சு 60 லட்சம் லிட்டர்னு எழுதி, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்னு ஆறு கிலோ போட்டாங்க. அதாவது நெசமான அளவு லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் துத்தம், துத்தத்துல கால் பங்கு செம்பு, அப்ப லிட்டருக்கு அரை மில்லிகிராம் செம்பு. இது வெறும் அளவுப் பிழை, இதுக்கு மேல ஒண்ணு இருக்கு.

தண்ணியோட காரத்தன்மைன்னு ஒண்ணு பாக்கணும், அதாவது புளிப்ப முறிக்கிற சுண்ணாம்பு மாதிரி சத்து தண்ணியில எவ்ளோ கரைஞ்சிருக்குங்கற அளவு. கீழ திண்டுக்கல், பழனிப் பக்கம் போர்த்தண்ணி உப்பும் சுண்ணாம்புமா கனமா இருக்கும், காரத்தன்மை லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம்னு சாதாரணமா வரும். அந்தத் தண்ணியில துத்தம் போட்டா பாதி செம்ப அந்தக் காரமே பிடிச்சுக்கும், சுண்ணாம்புச் சத்து மீனோட செவுளையும் காப்பாத்தும். நம்ம மலை கருங்கல்லு மலை, மழை பேஞ்சு சோலை வழியா வர்ற தண்ணியில கரையறதுக்கு பெருசா ஒண்ணும் கிடையாது, சோப்பு போட்டா பொங்கு பொங்குன்னு நுரை வர்ற தண்ணி. எங்க குளத்துத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சு கீழ லேப்ல குடுத்துப் பாத்தோம், காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராம் பக்கம் தான் வந்துச்சு. துத்தம் போடறதுக்கு உலகம் பூரா சொல்ற பொதுக் கணக்கு ஒண்ணு இருக்கு, காரத்தன்மைய நூறால வகுத்தா வர்றது தான் போடக்கூடிய மில்லிகிராம். 20ஐ நூறால வகுத்தா 0.2. எங்க குளத்துக்கு அது வெறும் 600 கிராம் தான், அதுவும் 50க்குக் கீழ இருந்தா மீனு இருக்கிற குளத்துல துத்தத்தத் தொடவே வேணாம்னு தான் சொல்வாங்க. இங்க போட்டது ஆறு கிலோ. பத்து மடங்கு. டெஸ்ட் கிட் கலர் கடல் மீன் விக்கிற கடையில சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, ரெண்டு சொட்டு விட்டா அஞ்சு நிமிஷத்துல தெரியும், அத இவங்க பாக்கவே இல்ல.

தண்ணி தெளிஞ்சதும் எல்லாரும் சந்தோஷமா போட்டோ எடுத்துப் போட்டாங்க. அப்புறம் ஒரு சாயங்காலம் மேகம் போட்டு ராத்திரி பூரா மூடாப்பா இருந்துச்சு, விடிஞ்சு போய்ப் பாத்தா கெண்டை மீனெல்லாம் தண்ணி விழற மூலையில ஒண்ணா கூடி வாயத் தண்ணிக்கு மேல நீட்டி நீட்டி இழுத்துக்கிட்டு கிடக்குது. கையில தூக்கிப் பாத்தா செவுள் மேல வெள்ளையா கோழை படிஞ்சிருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள மிதக்க ஆரம்பிச்சிருச்சு. ஓரத்து நத்தைங்க அதுக்கு முன்னாடியே போயிருச்சு, வெறும் ஓடு தான் கல்லு இடுக்குல. தலைப்பிரட்டை ஒண்ணு கூட கண்ணுல படல. எப்பவும் சுத்திக்கிட்டு இருக்கிற முக்குளிப்பான் ஜோடி அந்தப் பக்கமே வரல. சிலர் சொல்றாங்க இந்தக் கெண்டை நம்ம மலை மீனே இல்ல, 1939ல இலங்கையிலருந்து ஊட்டிக்கு கொண்டாந்து விட்ட வகை தானே, போனா போகட்டும்னு. கெண்டைய விடுங்க, நத்தையும் தலைப்பிரட்டையும் யாரு கொண்டாந்து விட்டது? அதுங்க தானே இந்த மலையோட சொந்த சீவன்.

மீனு செத்ததுக்கு செம்பு ஒரு பாதி காரணம், மூச்சு முட்டினது இன்னொரு பாதி. குளம் பூராவும் ஒரே காலையில மருந்து போட்டா பாசி மொத்தமா ஒரே நேரத்துல சாகும், செத்தது அடியில போய் அழுகும், அழுகறதுக்கு தண்ணியில இருக்கிற ஆக்சிஜன பூரா எடுத்துக்கும், மேகம் மூடி வெயில் இல்லைன்னா புதுசா ஆக்சிஜனும் பெருசா சேராது. அதனால தான் மூணுல ஒரு பங்கு மட்டும் போட்டுட்டு, பத்துப் பதினஞ்சு நாள் விட்டு அடுத்த பங்கு போடணும்னு வழக்கம். மூணு தடவை மலை ஏறி வரணும்னா டீசல் செலவு ஆகும்ல, அதான் ஒரே நாள்ல முடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எனக்குத் தோணுது, கேட்டதுக்கு நேரடியா பதில் வரல.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் என்னன்னா பாசி திரும்ப வந்துச்சு. மழை ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துலயே, முன்னாடி இருந்தத விடக் கெட்டியா. காரணம் ரொம்ப எளிசு. தண்ணியில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் துள்ளிக்கிட்டு இருக்கும் பாருங்க சின்னச் சின்ன தண்ணிப் பூச்சிங்க, அதுங்க தான் பாசியத் தின்னு கட்டுக்குள்ள வச்சிருக்கும், செம்புல பாசிக்கு முன்னாடி சாகறது அதுங்க தான். செத்த பாசியில இருந்த பாஸ்பரஸ், அதான் பாசிக்கு உரம், எங்கயும் போகல, திரும்ப தண்ணிக்கே வந்துருச்சு. தின்ன ஆளும் இல்ல, தீனி மட்டும் அப்படியே இருக்கு, அப்ப எது வளரும்? அமெரிக்காவுல மின்னசோட்டாவுல ஃபேர்மான்ட் ஏரிங்கன்னு இருக்கு, அங்க 58 வருஷம் துத்தம் போட்டுக்கிட்டே இருந்தாங்க, 1984ல அதப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. அடிச்சேத்துல செம்பு சேர்ந்துச்சு, மீனு கூட்டங்கூட்டமா செத்துச்சு, நல்ல மீனு குறைஞ்சு ஒண்ணுக்கும் ஆகாத மீனு பெருகுச்சு, தண்ணிச் செடிங்க காணாமப் போச்சு, பாசி மட்டும் செம்புக்குப் பழகிக்கிச்சு, அதனால டோஸ் ஏத்திக்கிட்டே போக வேண்டியதாச்சு. எங்க சர்வீஸ்காரங்க குடுக்கற வருஷ கான்ட்ராக்ட்டப் பாத்தப்ப எனக்கு அந்த ஏரிங்க தான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொன்ன யாருமே சொல்றதில்ல, இது உயிர் விஷயம். மேல ஏடு கட்டற பாசியில நீலப்பச்சைப் பாசின்னு ஒரு வகை இருக்கு, அதுல சிலது உடம்புக்குள்ள விஷம் வச்சிருக்கும். உசுரோட இருக்கற வரைக்கும் பெரும்பாலும் உள்ளயே இருக்கும், துத்தம் போட்டு ஒடைச்சா மொத்தமா தண்ணியில கொட்டிரும். 1979ல ஆஸ்திரேலியாவுல பாம் ஐலண்ட்னு ஒரு தீவு, குடிதண்ணி அணையில பாசின்னு துத்தம் போட்டாங்க, கொஞ்ச நாள்ல 148 பேரு ஈரல் கிட்னி பாதிச்சு படுத்துட்டாங்க, அதுல 138 பேரு குழந்தைங்க. தண்ணி பச்சையா இருந்தா ஜனங்க பயந்து தொட மாட்டாங்க, தெளிஞ்சிருந்தா நம்பிக் குடிப்பாங்க. மேல இருக்கிற பேரிஜம் ஏரித் தண்ணி கீழ பெரியகுளம் ஊருக்கு குடிக்கப் போகுது, மலையில இருக்கிற எந்தத் தண்ணியும் கீழ யாரோ ஒருத்தர் குடிக்கிற தண்ணி தான். ட்ரீட்மென்ட் பண்ணின குளத்துக்கிட்ட ஒரு போர்டாவது வைக்க வேண்டாமா, ஆடு மாடு விடாதீங்க, தண்ணி எடுக்காதீங்கன்னு?

பாசி திரும்ப வந்துருச்சுன்னு போன் பண்ணினா போன எடுத்தாங்க, அது வரைக்கும் சரி. அனுப்பினது ரெண்டாவது கொட்டேஷன். அதுல படிகாரம் 250 கிலோ, கரையோரக் கோரைக்கு களைக்கொல்லி, வேணும்னா பாஸ்பரஸப் பிடிச்சு வைக்கற லாந்தனம் கலந்த களிமண்ணுன்னு வெளிநாட்டு மருந்து ஒண்ணு. படிகாரம் கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேன், பாஸ்பரஸ அடியில கட்டிப் போடறதுக்கு உலகத்துல எத்தனையோ ஏரியில போட்டு பல வருஷம் தண்ணி நல்லா இருந்திருக்கு. ஆனா அது கனத்த தண்ணியில. ஒரு மில்லிகிராம் படிகாரம் அரை மில்லிகிராம் காரத்தன்மையத் தின்னுடும். எங்க குளத்துல இருக்கிறது 20, அப்ப லிட்டருக்கு 40 மில்லிகிராம் படிகாரத்துலயே, அதாவது 120 கிலோவுலயே மொத்தமும் காலி. அவங்க சொல்ற 250 கிலோ போட்டா தண்ணி புளிச்சுப் போயிரும், புளிப்பக் காட்டற பிஹெச் அளவு 6க்குக் கீழ போயிட்டா அலுமினியம் கரைஞ்ச நிலைக்கு வந்து அதுவே செவுளுக்கு விஷம். இதுக்குத்தான் நம்மது மாதிரி காரத்தன்மை கம்மியான மெல்லிய தண்ணியில, புளிப்ப ஈடுகட்ட சோடியம் அலுமினேட் மாதிரி ஒண்ணச் சேர்த்துப் போடறாங்க. கொட்டேஷன்ல அப்படி ஒரு வரி இல்ல. லாந்தனம் களிமண்ணும் இதே மாதிரி மெல்லிய தண்ணியில பாத்துத்தான் போடணும். கோரைக்கு களைக்கொல்லிங்கறது எனக்குக் கோவமே வந்துருச்சு, தோட்டத்து உரம் குளத்துக்குள்ள வராம கொஞ்சமாச்சும் உறிஞ்சிக்கிட்டு நிக்கிறது அந்தக் கோரை ஒண்ணு தான், அதையும் கொன்னுட்டா அடுத்த வருஷமும் இவங்களைத்தான் கூப்பிடணும். அந்தக் கொட்டேஷனுக்கு எல்லாரும் சேர்ந்து வேணாம்னு சொல்லிட்டோம்.

செம்பு ஒரு தடவை போட்டா மக்கிப் போற பொருள் இல்ல, சேத்துல உக்காந்துக்கும். கொடைக்கானல்காரங்களுக்கு இத நான் சொல்லித் தரணும்னு இல்ல. 2001ல மூடின தெர்மாமீட்டர் பேக்டரியோட பாதரசம் நம்ம டவுன் ஏரிச் சேத்துலயும் மீனுலயும் இருந்தத அதுக்கு அப்புறம் ஆராய்ச்சியாளருங்க அளந்து எழுதினாங்க, பேக்டரி பூட்டு போட்டதோட அது முடியல. செம்பும் பாதரசமும் ஒரே அளவு விஷம் இல்ல, ஒப்புக்கறேன், ஆனா சேறு ரெண்டையும் ஒரே மாதிரி பிடிச்சு வச்சுக்கும். நாளைக்கு தூர் வாரி அந்தச் சேத்த பூண்டுக்கு எருவா போடுவோம்ல.

பணம்: சாப்பாடு, வண்டி வாடகை சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல ஆச்சு. துத்தத்தோட விலை அதுல ரொம்பச் சின்ன பங்கு. செத்த மீனுக்கு நஷ்டஈடு கேட்டோம், மேகம் போட்டதுக்கு நாங்க என்ன சார் பண்றதுன்னு சொல்லிட்டாங்க.

இப்ப நாங்க என்ன பண்றோம்னா, காட்டேஜ் ரெண்டோட செப்டிக் டேங்க் குழிய குளத்துக்கு மேல் பக்கத்துலருந்து அந்தாண்டை மாத்தச் சொல்லிட்டோம், முணுமுணுத்தாங்க, மாத்திட்டாங்க. தோட்டத்துக்காரங்க கோழி எருவ மழைக்கு முன்னாடி வரப்போரம் குமிச்சு வைக்கறத நிறுத்தியாச்சு. தண்ணி நுழையற இடத்துல சின்னதா ஒரு வண்டல் குழி வெட்டி, அதச் சுத்தி கோரையும் வெட்டிவேரும் வச்சிருக்கோம், ஒவ்வொரு மழைக்கும் அந்தக் குழியில நிக்கிற கறுப்பு வண்டலப் பாத்தாலே தெரியும் இவ்ளோ நாள் குளத்துக்குள்ள என்ன போச்சுன்னு. பாசிய நம்ம ஊரு ஆளுங்களே மூங்கில்ல கொசுவலையக் கட்டி ஓரமா ஒதுக்கி அள்ளறாங்க, அள்ளினது குப்பைக் குழிக்குப் போகுது, பாஸ்பரஸும் அதோட வெளிய வந்துருது பாருங்க, இது எந்த மருந்தும் பண்ணாத வேலை. காத்து ஊதற மோட்டார் ஒண்ணு ராத்திரி ஓடுது. இன்னும் பச்சை இருக்கு, இல்லைன்னு சொல்லல, இந்த சீசனுக்கு கண்ணாடி மாதிரி தண்ணி கிடைக்காது. நத்தை திரும்ப வந்துருச்சு.

மருந்தே போடக்கூடாதுன்னு சண்டை பிடிக்கிற ஆளு இல்ல நான். அவசரத்துக்கு, அளந்து, பங்கு பங்கா, ஆடு மாட நிறுத்தி வச்சு, மேல வர்ற அழுக்க முதல்ல அடைச்சிட்டு போட்டா அது ஒரு கருவி தான். இந்த சர்வீஸ்ல கருவி மட்டும் வந்துச்சு, அளவு வரல.

நீங்க யாரையாவது கூப்பிடறதா இருந்தா வண்டி ஏறறதுக்கு முன்னாடியே போன்லயே கேட்டிருங்க: காரத்தன்மை பாப்பீங்களா, ஆழத்த எத்தனை இடத்துல அளப்பீங்க, ஒரே நாள்லயா மூணு தவணையிலயா, மீனு செத்தா யாரு பொறுப்பு. திணறினாங்கன்னா விட்டிருங்க. பில்லு கண்டிப்பா வாங்குங்க, மருந்து பேரு என்ன, எத்தனை கிலோ போட்டாங்கன்னு அதுல எழுதச் சொல்லுங்க. எங்களுக்குக் குடுத்ததுல "ட்ரீட்மென்ட் சார்ஜ்"னு ஒரே ஒரு வரி தான் இருக்கு, ஆறு கிலோங்கறது நாங்க சாக்க எண்ணி வச்சிருந்ததால தெரிஞ்சுது.